இடிக்கப்போகிற லயத்தை நினைத்து அழுவது தப்பா?

மேட்டுலயத்துப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், இப்போது கொழும்பில் வேலை. அப்பா, அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால் தோட்டத்துப் பேரை எழுதவில்லை.

எங்கள் மேட்டு லயத்தை, தோட்டத்து ஆள்கள் குடியிருக்கிற வரிசை வீட்டை, இடிக்கப்போகிறார்கள். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, அதில் தனி வீடு. லிஸ்ட் வந்துவிட்டது என்று அப்பா போன் பண்ணினார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கேட்டதே இல்லை. நானும் சந்தோசமாகத்தான் பேசினேன், போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. போர்டிங்கில் கூட இருக்கிற பிள்ளைகள், "லயம் போறதுக்கா அழுற?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்ல வீடு என்று சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், ஒரு வரிசையில் பத்துக் காம்பரா, ஒவ்வொன்றும் 10 அடிக்கு 12 அடி, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதையும் பாதி மறைத்துத்தான் அடுப்படி. தகரம் ஓட்டை. மழைக்காலத்தில் எந்தச் சட்டியை எங்கே வைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆனால் அந்த வரிசையில் ஒன்று இருந்தது. காம்பராவுக்குக் காம்பரா நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே திறந்துதான் இருக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டுக்கும் வாசம். நான் ஓ.எல். பரீட்சை எழுதின வருசம் ராத்திரி ஏழு மணிக்கு மேல் எங்கள் வரிசையில் ஒரு ரேடியோ சத்தம்கூடக் கேட்கவில்லை. யாரும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, அவர்களாகவே குறைத்துக்கொண்டார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்குப் பத்து வீட்டிலும் பாயாசம்.

அப்புறம் கடைசிக் காம்பரா அம்மாயி. சொந்தம் கிடையாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அம்மாயி. கல்யாணம் ஆகி வந்து சீக்கிரத்திலேயே புருசன் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. பென்சன் எடுத்து வீட்டோடு இருந்தார். எங்கள் அம்மாமார் எல்லாம் கொழுந்து பறிக்க மலையில் நிற்பார்கள், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு அவர்தான். மிலாறு, அதாவது வெட்டின தேயிலைக் குச்சி, எரிகிற அடுப்பு, பக்கத்தில் ஓரம் பேர்ந்த எனாமல் கோப்பையால் மூடி வைத்த ரொட்டி. ஒவ்வொரு ரொட்டியையும் நாலாகப் பிய்த்துக் கையில் வைப்பார். அவருடைய விரல் வெடிப்பில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருக்கும், மலைக்குப் போவதை நிறுத்தி எத்தனையோ வருசமாகியும் அது போகவே இல்லை. தேத்தண்ணி கொதித்துவிட்டால் அகப்பையால் சுவரில் தட்டுவார், அடுத்த வீட்டில் யாராவது இருந்தால் அவர்கள் அதற்கடுத்த சுவரில் தட்டுவார்கள், அப்படியே அந்தக் கோடி வீடு வரைக்கும் போகும்.

ஒரு ஆணிகூட எங்களுக்குச் சொந்தமில்லை. சுவரும் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம், வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தான் இருக்கலாம். அப்படிப்பட்ட இடம் எப்படி எனக்குச் சொந்த ஊரானது? உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருந்ததா, அது இப்போது என்னவாயிற்று என்று எழுதுங்களேன்.

அட்டன்காரன்:

தங்கச்சி, கோபிக்காமல் வாசியுங்கள். நானும் லயத்தில் பிறந்தவன்தான், எங்கள் லயத்தை இடித்த அன்றைக்கு முதல் கடப்பாரை போட்டவன் நான்.

சுவர் கூரை வரைக்கும் போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் லயத்திலும் அப்படித்தான். சம்பள நாள் ராத்திரி தவறணையில் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிற சத்தமும் அந்தச் சுவருக்கு மேலால்தான் வந்தது. பத்து வீட்டுக்கும் கேட்கும், ஒரு கதவுகூடத் திறக்காது. காலையில் அந்த அக்கா வீங்கின முகத்தோடு பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போய் நிற்பார், கணக்கப்பிள்ளையும் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். எங்கள் வரிசைக்கே இரண்டு கக்கூஸ். பொம்பளைப் பிள்ளைகள் விடியமுன்னம் எழும்பிப் போய்விட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் இருட்டும் வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஜன்னல் இல்லாத காம்பராவில் விறகுப் புகையைக் குடித்துக் குடித்து எங்கள் அம்மாவுக்கு இழுப்பு வந்தது, இன்றைக்கும் இன்ஹேலர் இல்லாமல் படி ஏற முடியாது.

இன்னொன்று. லயத்துக்கு விலாசம் கிடையாது. ஒரு டிவிசனில் இருக்கிற இருநூறு குடும்பத்துக்கும் ஒரே விலாசம், தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அவர்கள் பிரித்து, தோட்டத்துத் தபால் சுமக்கிற தப்பால்காரரிடம் கொடுத்து, அவர் யார் கையிலாவது கொடுத்து அனுப்ப வேண்டும். எனக்கு ஒரு அரசாங்க வேலைக்கு இன்டர்வியூ லெட்டர் வந்தது. என் கைக்கு அது கிடைத்தபோது இன்டர்வியூ முடிந்து ஒரு கிழமை. எந்தத் தோட்டம், எந்த ஆபீஸ் என்று எழுதி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அந்த லெட்டரை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்களுடைய அம்மாயி நல்லவர். நல்ல மனுசர் இருந்ததால் அந்தக் கட்டடம் நல்லதாகிவிடாது.

மேட்டுலயத்துப் பிள்ளை:

அண்ணா, கோபமில்லை. நீங்கள் எழுதின ஒவ்வொன்றும் எங்கள் லயத்திலும் நடந்தது. எங்கள் வரிசையில் நாலாவது காம்பராவில் அப்படி ஒரு அக்கா இருந்தார், அம்மாயி மட்டும்தான் எழும்பிப் போய்க் கதவைத் தட்டுவார், போய் அந்த அக்காவையும் கைப்பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்கவைப்பார். கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இடிக்கட்டும். அந்த வரிசையில் இருந்த ஆள்களுக்கு நடுவில் இருந்ததும் சேர்ந்து இடிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

கொட்டகலை டீச்சர்:

மகள், நீங்கள் கேட்ட கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளை வேறு மாதிரி கேட்டது. மூன்றாம் வகுப்பு. "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்று சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தில் இருக்கிற வீட்டைத்தான் வரைந்தார்கள், முக்கோணக் கூரை, நடுவில் ஒரு கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், பக்கத்தில் ஒரு தென்னை மரம். எங்கள் பக்கம் தென்னை எங்கே இருக்கிறது? ஒரு பிள்ளை மட்டும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தது. என்ன என்று கேட்டேன். "டீச்சர், கதவு எத்தனை போடணும்?" என்றது. எல்லாக் கதவையும் போடு என்று சொன்னேன். பக்கத்தைக் குறுக்கே திருப்பி வைத்து, லயம் முழுவதையும் வரைந்து, ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் யார் வீடு என்று பேரையும் எழுதிக் கொண்டுவந்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அட்டன் தம்பி சொன்ன விலாசப் பிரச்சினையை யாரும் சின்ன விசயமாக எடுக்க வேண்டாம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் சனத்தில் பெரும்பாலானவர்கள் நாடில்லாதவர்களாக ஆக்கப்பட்டார்கள். மூன்று தலைமுறையாக இந்த மலையில் கோப்பியும் தேயிலையும் போட்டவர்களிடம், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு வைத்திருந்தது? கடைசியில் 2003இல் கொண்டுவந்த சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வந்தது. நாடு கிடைப்பதற்கே அரை நூற்றாண்டுக்கு மேல் போயிற்று, இன்னும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடைக்கவில்லை. 2023இல், இந்தியாவிலிருந்து எங்கள் சனம் மலையகத்துக்கு வந்து 200 வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, கடைசி நாள் மாத்தளையில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். வழி முழுக்க அம்மாமார் கேட்டது காணியும் வீடும்தான்.

அதனால் அழுங்கள், தப்பில்லை. காகிதத்தில் உங்களுக்கு ஊர் இல்லாத காலத்தில் உங்களுக்கு ஊராக இருந்தது அந்த வரிசை. ஆனால் அப்பாவை உறுதியைக் கையில் வாங்கச் சொல்லுங்கள். வீட்டுச் சாவி கொடுத்துப் படமெடுத்துவிட்டு, உறுதியை அப்புறம் தருகிறோம் என்று வருசக்கணக்கில் இழுத்த இடங்கள் இருக்கின்றன.

கோத்தகிரிக்காரன்:

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன், இந்த இழையை நேற்று ராத்திரி எங்கள் அப்பாயிக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். அட்டனிலிருந்து மூன்று கட்டை தள்ளி ஒரு தோட்டம் எங்களுடையது. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அதில் இந்தப் பக்கம் விழுந்தவர்கள் நாங்கள். எழுபதுகளில் அட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இங்கே. கோச்சி ஏறுகிற இடத்தில் ஒரே ஒப்பாரியாக இருந்தது என்று அப்பாயி சொல்லும். போகிறவர்களும் அழுகை, நிற்கிறவர்களும் அழுகை, அக்கா அங்கே தங்கை இங்கே என்று எத்தனையோ குடும்பம் அன்றைக்குப் பிரிந்தது.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே வந்து, கையில் இருந்த கொஞ்சக் காசில் ரோட்டோரத்தில் ஒரு துண்டு இடம் பிடித்து வீடு கட்டும்போது, ஒரே லயத்திலிருந்து வந்த நாலு குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக்கொண்டார்கள். அதுவும் அங்கே எந்த வரிசையில் இருந்தார்களோ அதே வரிசையில். எங்களுக்கு இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்பதில் மாற்றமே இல்லை. நாலு வீட்டுக்கும் சேர்த்து முன்னால் நீளமாக ஒரு திண்ணை. ஊரில் இருக்கிறவர்கள் "ஏன்பா, இவ்வளவு இடம் இருக்கே, தள்ளித் தள்ளிக் கட்டக்கூடாதா" என்று கேட்டார்களாம். அப்பாயி இன்றைக்கும் அதை இஸ்தோப்பு என்றுதான் சொல்லும். நாங்கள் இங்கே சிலோன்காரங்க, அங்கே இந்தியாக்காரங்க. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அப்பாயி யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பண்டாரவளைப் பொண்ணு:

எல்லாரும் எழுதியதை வாசித்தேன், எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையை யாரும் மறக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29, காலையில் மலை இறங்கி லயங்களை அப்படியே மூடிவிட்டது. ஸ்கூலுக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சில பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்னாலேயே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். எங்கே போவது? போவதற்கு வேறு காணி யார் கொடுத்தார்கள்? தப்பினவர்கள் நீண்ட காலம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

மலையை வெட்டி, சரிவில், தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் லயத்தைக் கட்டினது அங்கே குடும்பம் வாழ வேண்டும் என்று யோசித்து இல்லை. நல்ல மட்டமான இடமெல்லாம் தேயிலைக்குத்தான். எங்கள் வீட்டில் இப்போதும் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் அம்மா ஐ.சி. (அடையாள அட்டை), பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். நிம்மதியாகத் தூங்க முடிகிற இடத்தைத்தான் என்னால் வீடு என்று சொல்ல முடியும் அக்கா.

பழைய மஸ்கெலியா:

பிள்ளைகளே, நான் வயதானவன், எங்கள் பேரன்தான் இதை டைப் பண்ணித் தருகிறான். எங்களுடைய இடம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. அறுபதுகளில் அணை கட்டினபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போயிற்று, மேலே புது டவுன் வந்தது. வறட்சி காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்க்கும், நானும் போவேன். மற்றவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள். நான் கோயிலை வைத்துக் கணக்குப் போட்டு, கடைத்தெரு இந்தப் பக்கம், ஸ்கூலுக்குப் போகிற பாதை அந்தப் பக்கம் என்று காலால் தேடிக்கொண்டு போவேன். நாங்கள் குடியிருந்த இடம் எது என்று ஒரு தரம்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சேறு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது.

மகளுக்கு ஒன்று சொல்கிறேன். இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆள்களை மட்டும் எடுக்காமல் அடுப்பு, அதற்கு மேலே இருக்கிற அட்டல், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு இறங்குகிற படி, எல்லாவற்றையும் எடுங்கள். எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

அட்டன்காரன்:

ஐயா எழுதினதை வாசித்துவிட்டு மறுபடி வந்தேன். நான் சொன்னதில் மாற்றம் ஒன்றும் இல்லை, லயம் போகத்தான் வேண்டும். ஆனால் தங்கச்சிக்கு உபயோகமான ஒரு விசயத்தை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

எங்களுக்குப் புது வீடு கிடைத்து இப்போது நாலாவது வருசம். இரண்டு அறை, ஹோல், சமையலறை, கக்கூஸ் வீட்டோடு, ஜன்னலைத் திறந்தால் காற்று. அம்மாவுக்கு இழுப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. எங்களுக்குக் காணித் துண்டைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். எந்த நம்பர் வருகிறதோ அந்த வீடு. நியாயமான முறை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம், ஒருவருக்கும் பாரபட்சம் இல்லை என்று எனக்கும் திருப்திதான். வந்தபிறகு பார்த்தால் முப்பது வருசம் பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்தி வீட்டுத் திட்டத்தின் அந்தக் கோடியில், எங்களுக்குப் பக்கத்தில் வேறு டிவிசன் ஆள்கள். நல்ல சனம்தான், ஆனால் தெரியாத சனம். அம்மாவால் அந்த ஏற்றத்தில் ஏறிச் சித்தி வீட்டுக்குப் போக முடியாது, சித்திக்கு முழங்கால் வலி, இறங்கி வர முடியாது. இரண்டு பேரும் ஒரே திட்டத்தில் இருந்துகொண்டு போனில் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகவே உங்கள் அப்பாவிடம் சொல்லி, சீட்டுக் குலுக்குவதற்கு முன்னாலேயே லயத்து ஆள்கள் எல்லாரும் கையெழுத்து வைத்து ஒரு மனு கொடுங்கள். ஒரே வரிசை ஆள்களுக்கு ஒரே இடத்தில் அடுத்தடுத்த துண்டு வேண்டும் என்று. வரிசைக்கு வரிசை குலுக்கட்டும், வீட்டுக்கு வீடு குலுக்க வேண்டாம். இதில் அரசாங்கத்துக்கு ஒரு சதம் செலவு கிடையாது. நம்பர் விழுந்த பிறகு கேட்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள், நாங்கள் கேட்டுப் பார்த்தோம்.

கோத்தகிரிக்காரன்:

அட்டன் அண்ணன் சொன்னதுதான் சரி. அப்பாயியிடம் சொன்னேன், "அதைக் கேட்டு வாங்கச் சொல்லு, காசு கேட்டா கூடக் கொடுக்கச் சொல்லு" என்கிறது.

மேட்டுலயத்துப் பிள்ளை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவிடம் பேசினேன். சீட்டு இன்னும் குலுக்கவில்லை, அடுத்த மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். மனுவுக்கு எங்கள் வரிசையில் எல்லாரும் சம்மதம்.

லிஸ்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் கடைசிக் காம்பரா அம்மாயியின் பேர் இல்லை. குடும்பமாக இருக்கிறவர்களுக்கும், தோட்டத்தில் இப்போது வேலைக்குப் பேர் இருக்கிறவர்களுக்கும்தான் வீடாம். அவர் பென்சன் எடுத்த ஆள், பேர் பதிந்து வேலை செய்கிற பிள்ளையும் இல்லை. லயத்தை இடித்தால் அவர் எங்கே போவார் என்று கேட்டதற்கு, "சொந்தக்காரர் யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்குச் சொந்தக்காரர் நாங்கள்தான். அம்மாயியிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, அவர் புது வீட்டு வாசலில் நடுவதற்கு ரோசாக் கம்பு வெட்டி டின்னில் வைத்திருக்கிறாராம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சர், இருக்கிறீர்களா?

கொட்டகலை டீச்சர்:

இருக்கிறேன் மகள். பதற வேண்டாம், இதற்கு வழி இருக்கிறது, ஆனால் உடனே செய்ய வேண்டும். அம்மாயியின் பேரில் தனியாக ஒரு மனு எழுதுங்கள், வரிசை மனுவோடு கலக்க வேண்டாம், கலந்தால் ஒன்றைச் சாக்காக வைத்து மற்றதையும் ஒதுக்கிவிடுவார்கள். அவருடைய ஐ.சி. பிரதி, வாக்காளர் இடாப்பில் அந்த லயத்து விலாசத்தில் அவர் பேர் இருக்கிற பக்கத்தின் பிரதி, எத்தனை வருசமாக அங்கே குடியிருக்கிறார் என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், பழைய சேமலாப நிதிக் காகிதம் ஏதாவது இருந்தால் அதுவும். மனுவைப் பிரதேச செயலகத்தில் நேரில் கொடுத்து, பிரதியில் திகதியோடு சீல் வாங்குங்கள். சீல் இல்லாவிட்டால் கொடுக்காத மாதிரிதான். ஒருவேளை தனி ஆளுக்கு வீடு இல்லை என்று நின்றுவிட்டால், உங்கள் அப்பாவின் துண்டில் அவருக்கு ஒரு அறை சேர்த்துக் கட்ட அனுமதி கேளுங்கள், அதையும் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் நான் எழுதித் தருகிறேன், அவருடைய முழுப் பேரையும் விவரத்தையும் இங்கே போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

மேட்டுலயத்துப் பிள்ளை:

அனுப்பிவிட்டேன் டீச்சர். இடாப்பில் பேர் இருக்கிறது, அப்பா கிராம உத்தியோகத்தர் ஆபீசில் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். சனி, ஞாயிறில் வரிசை மனுவுக்குக் கையெழுத்து, ஐயா சொன்ன மாதிரி போட்டோ. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், அம்மாயியையும் கூட்டிக்கொண்டு செயலகத்துக்குப் போவோம். சீல் வாங்கிவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன்.